வயல் வாங்கிய மனைவி... பைபிள் சொல்லும் ‘குணசாலியான ஸ்திரீ’ யார்?

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பெண்ணைப் பாராட்ட வேண்டும் என்றால், கைவசம் தயாராக ஒரு சொல் உண்டு. ‘குணசாலி’! கல்யாணப் பத்திரிகையில், திருமண ஆராதனைப் பிரசங்கத்தில், அன்னையர் தினத்தன்று சபையில் கொடுக்கும் கேடயத்தில், கடைசியில் கல்லறைக் கல்லில்கூட அந்தச் சொல் வந்துவிடும். நீதிமொழிகள் புத்தகத்தின் 31-ம் அதிகாரம்தான் இதற்கு ஊற்று. அதில் 10-ம் வசனம் தொடங்கி 31-ம் வசனம் வரை, நல்ல மனைவியைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது.

அதே கவிதையைக் கேட்டாலே பெருமூச்சு விடும் பெண்களும் உண்டு. இருட்டோடு எழுந்திருக்கிறாள், ராத்திரியெல்லாம் அவள் விளக்கு அணைவதில்லை, நூல் நூற்கிறாள், துணி விற்கிறாள், வயல் வாங்குகிறாள், ஏழைகளுக்கும் கொடுக்கிறாள். ‘இதெல்லாம் மனுஷியால் ஆகிற காரியமா?’ என்று தோன்றுவது இயல்புதான். இன்னொரு பக்கம், கிறிஸ்தவ மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், ‘பொறுத்துப் போ, எதிர்த்துப் பேசாதே, அடங்கி இரு’ என்று பதில் சொல்லும் வீடுகளும் இதே அதிகாரத்தைத்தான் விரித்துக் காட்டுகின்றன. விநோதம் என்னவென்றால், அந்த 22 வசனங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால், அங்கே என்னதான் இருக்கிறது?

போர்க்களத்துச் சொல்

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். மூலமான எபிரெய மொழியில் அது ‘ஏஷெத் ஹயில்’. ‘ஏஷெத்’ என்றால் பெண், மனைவி. ‘ஹயில்’ என்றால் பலம், வீரம், படை, செல்வம், திறமை எனப் பல பொருள். பைபிளில் பெரும்பாலும் ஆண்களைப் பற்றி, அதிலும் போர்வீரர்களைப் பற்றிப் பேசும்போது வரும் சொல் இது.

தமிழ் பைபிளில் இந்த ஒரே சொல் எப்படி எப்படி உருமாறியிருக்கிறது என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். கிதியோன் என்ற வீரனைத் தேவதூதன் அழைக்கும்போது அதே ‘ஹயில்’ அங்கே ‘பராக்கிரமசாலி’ ஆகிறது. பெத்லகேமின் நிலக்கிழார் போவாஸை அறிமுகப்படுத்தும்போது ‘ஆஸ்திக்காரன்’ ஆகிறது. ஒரு பெண்ணைப் பற்றி வரும்போது மட்டும் ‘குணசாலி’. மொழிபெயர்ப்பு தவறு என்று சொல்ல முடியாது. குணம் என்ற பொருளுக்கும் அந்தச் சொல்லில் இடம் இருக்கிறது. ஆனாலும், வீரனுக்குப் பராக்கிரமம், பணக்காரனுக்கு ஆஸ்தி, பெண்ணுக்குக் குணம் என்று ஒரு சொல்லைப் பங்கு பிரித்ததில் பெண்ணின் பங்கு கொஞ்சம் மெலிந்துவிட்டது என்னவோ உண்மை.

இதோடு நம் ஊர் வாசனையும் சேர்ந்துகொண்டது. நல்ல மனைவி என்றதும் தமிழர் மனதில் கண்ணகி வந்து நிற்பாள், திருக்குறளின் ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரம் வந்து நிற்கும். ‘குணசாலி’ என்றதும் குனிந்த தலை, அதிர்ந்து பேசாத வாய், அடுப்படி என்று படம் ஓடத் தொடங்கிவிடும். எபிரெயக் கவிதையின் படம் வேறு.

கவிதையின் மற்றச் சொற்களிலும் அந்தப் போர்க்கள வாடை அடிக்கிறது. அவள் கணவனுக்குச் சம்பத்துக் குறையாது என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது, போரில் வென்று அள்ளிவரும் கொள்ளைப்பொருளைக் குறிக்கும் சொல். விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு உணவு தருகிறாள் என்ற இடத்தில், சிங்கம் வேட்டையாடிக் கொண்டுவரும் இரையைக் குறிக்கும் சொல். இடுப்பைப் பலத்தால் கட்டிக்கொள்கிறாள், கைகளை உரமாக்குகிறாள் என்றும் வருகிறது. வரப்போகும் நாளைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். படைக்குத் தலைமை தாங்குகிறவனைப் பாடுவது போல ஒரு குடும்பத் தலைவியைப் பாடியிருக்கிறார்கள்.

பாடம் கேட்டது ஒரு பையன்

இந்தக் கவிதை யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 31-ம் அதிகாரத்தின் முதல் வசனமே அதைச் சொல்லிவிடுகிறது. லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவனுடைய தாய் கற்றுக்கொடுத்த பாடம் இது. பெண்களிடம் உன் பலத்தை இழந்துவிடாதே, குடித்துவிட்டு நியாயத்தை மறந்துவிடாதே, பேச வழியில்லாதவர்களுக்காக நீ வாய் திற, எளியவனுக்கு நியாயம் செய் என்று மகனுக்குப் புத்தி சொல்கிறாள் அந்தத் தாய். அதற்குப் பிறகுதான் ‘ஏஷெத் ஹயில்’ கவிதை வருகிறது. தாய் சொன்னதே கவிதையாகத் தொடர்கிறதா, அல்லது தனிக் கவிதையைக் கொண்டுவந்து அங்கே சேர்த்தார்களா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. எப்படியானாலும், அது வைக்கப்பட்டிருக்கும் இடம் ஒரு தாய் மகனுக்குச் சொல்லும் புத்திமதியின் தொடர்ச்சி.

கவிதையின் அமைப்பும் மனப்பாடத்துக்கு ஏற்றது. எபிரெய மொழியில் 22 எழுத்துகள். இதிலும் 22 வசனங்கள். ஒவ்வொரு வசனமும் அகர வரிசையில் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. ஔவையாரின் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் அகர வரிசையில் படித்து வளர்ந்த நமக்கு இந்த உத்தி புதிதல்ல. ‘அ முதல் ஃ வரை’ ஒரு பெண்ணின் பெருமை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, இது பெண்ணின் கையில் கொடுத்து ‘இதன்படி நட’ என்று சொல்லும் பட்டியலாகத் தொடங்கவில்லை. மனைவி என்பவளின் மதிப்பு என்ன என்று ஓர் ஆண்பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாகத் தொடங்கியிருக்கிறது. அவள் விலை முத்துக்களைவிட உயர்ந்தது என்கிறது தமிழ் மொழிபெயர்ப்பு. முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், இந்த வசனத்தை மணமேடையில் வாசித்துவிட்டு, இத்தனை பவுன், இந்த வண்டி என்று பெண் வீட்டாரிடம் கணக்குக் கேட்கும் வழக்கம் கிறிஸ்தவர்களிடமும் இருக்கிறதே, அதை என்ன சொல்ல? பைபிள் காலத்து வழக்கப்படி மணமகன் வீட்டார்தான் பெண்ணின் தகப்பனுக்குப் பரிசம் கொடுத்தார்கள். யாக்கோபு ராகேலுக்காக அவள் தகப்பனிடம் 7 வருஷம் வேலை செய்தது அந்தக் கணக்கில்தான்.

அவள் செய்த வேலைகள்

கவிதையில் வரும் பெண்ணின் வேலைகளை அந்தக் காலத்து வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஆட்டு ரோமத்தையும் சணலையும் அவளே தேடிப் போய் வாங்குகிறாள். கதிரைப் பிடித்து நூற்கிறாள், நெய்கிறாள். தேவைக்கு மேல் நெய்ததை விற்கிறாள், வியாபாரிகளிடம் கச்சைகளை ஒப்படைக்கிறாள். தன் சரக்கு தரமானது, லாபம் தருவது என்று அவளுக்கே தெரியும் என்கிறது கவிதை. பொய்யடக்கமெல்லாம் அங்கே இல்லை.

ஒரு வயலை அவள் யோசித்துப் பார்த்து வாங்குகிறாள். தன் கையால் சம்பாதித்ததைப் போட்டு அதில் திராட்சைத் தோட்டம் வைக்கிறாள். கணவனிடம் அனுமதி கேட்டாளா என்ற பேச்சே கவிதையில் இல்லை. ‘அவள் கணவனுடைய மனம் அவளை நம்புகிறது’ என்ற பொருளில் ஆரம்பத்திலேயே ஒரு வரி வந்துவிடுகிறது. அத்தோடு அந்த விஷயம் முடிந்துவிடுகிறது. பைபிளில் இப்படி முழு மனதாக நம்பச் சொல்வது பெரும்பாலும் கடவுளைத்தான். மனிதர்களை நம்பாதே என்று பல இடங்களில் எச்சரிக்கும் புத்தகம், இங்கே மனைவியை நம்பலாம் என்கிறது.

அவள் தொங்கல்களும் போர்வைகளும் செய்துகொள்கிறாள், மெல்லிய சணல் துணியும் ரத்தாம்பரமும் உடுத்துகிறாள். ரத்தாம்பரம் என்பது கடல் நத்தைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்த சாயம் தோய்த்த துணி. அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்கும் ராஜாக்களுக்கும்தான் கட்டுப்படியாகும். புதிய ஏற்பாட்டில் பிலிப்பி பட்டணத்தில் பவுலின் போதனையைக் கேட்டு, தன் வீட்டில் அவருக்கு இடம் கொடுத்த லீதியாள் இந்த ரத்தாம்பர வியாபாரம் செய்தவள்தான்.

பாராட்ட வேண்டிய இடம் ஒன்று கவிதையின் நடுவில் இருக்கிறது. ஒரு வசனத்தில் அவள் கைகள் நூற்கும் தடியை நோக்கி நீள்கின்றன, உள்ளங்கைகள் கதிரைப் பிடிக்கின்றன. அடுத்த வசனத்தில் அதே உள்ளங்கை ஏழைக்காகத் திறக்கிறது, அதே கைகள் இல்லாதவனை நோக்கி நீள்கின்றன. எபிரெயத்தில் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டுக் கோத்திருக்கிறார்கள். சம்பாதிக்கிற கையும் கொடுக்கிற கையும் ஒன்றே.

விடியும்வரை விளக்கு ஏன் எரிந்தது?

சரி, இவ்வளவையும் ஒரே பெண் ஒரே நாளில் எப்படிச் செய்தாள்? செய்யவில்லை!

திராட்சைத் தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக நட்ட மரத்தின் கனியை முதல் 3 வருஷம் உண்ணக் கூடாது, 4-ம் வருஷத்துக் கனி கடவுளுக்கு உரியது, 5-ம் வருஷம்தான் வீட்டார் உண்ணலாம் என்பது லேவியராகமத்தில் உள்ள சட்டம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மட்டும் 5 வருஷங்கள் இருக்கின்றன. கடைசியில் பிள்ளைகள் எழுந்து நின்று தாயை வாழ்த்துகிறார்களே, அவர்கள் வளர எத்தனை வருஷம்? இது ஒரு பெண்ணின் ஒரு நாள் அட்டவணை அல்ல. கல்யாணத்திலிருந்து பிள்ளைகள் தலையெடுக்கும் வரையிலான வாழ்க்கையை 22 வசனங்களில் சுருக்கியிருக்கிறார்கள். அதை இன்றைக்கே, இந்தச் செவ்வாய்க்கிழமையே நடத்திக் காட்ட முயன்றால் உடம்பு தாங்காது.

இன்னொன்று, அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள். 15-ம் வசனத்திலேயே வருகிறது. பெரிய வீட்டை நிர்வகிக்கும் எஜமானி அவள். தனி ஆளாக மூன்று வேளையும் சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ஆபீஸுக்கும் போய் வருகிற ஒரு பெண்ணைப் பார்த்து ‘நீதிமொழிகள் 31-ஐப் படி’ என்று சொல்கிறவர்கள், அந்த வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரவில் அணையாத விளக்கும் தூங்காத பெண்ணைக் குறிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் காலத்து வீட்டில் ராத்திரி முழுக்கச் சின்ன எண்ணெய் விளக்கு ஒன்று எரிகிறது என்றால், அந்த வீட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம். யோபு புத்தகத்திலும் நீதிமொழிகளிலும் ஒருவனுடைய விளக்கு அணைந்துபோகும் என்றால், அவன் குடும்பம் நொடித்துப்போகும் என்றுதான் பொருள். அவள் விளக்கு அணையாது என்பதை ‘அந்த வீடு நொடியாது’ என்று படிப்பதே பொருத்தம். கண் விழித்துக் கிடந்தாள் என்று படித்துப் பெண்களைக் களைப்படைய வைத்தது நாமாகச் சேர்த்துக்கொண்ட சங்கதி.

அழகைப் பற்றிய வரியும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. வசீகரம் ஏமாற்றும், அழகு நிலைக்காது, கடவுளுக்குப் பயப்படுகிற பெண்ணே புகழப்படுவாள் என்கிறது 30-ம் வசனம். கவிதையில் பக்தி என்ற சொல்லுக்கு அருகில் வருவது இந்த ஒரே இடம்தான். அவள் ஜெபம் பண்ணினாள், உபவாசம் இருந்தாள், ஆலயத்துக்குப் போனாள் என்று ஒரு வரியும் இல்லை. அதெல்லாம் செய்யவில்லை என்று அர்த்தமல்ல. அவளுடைய தெய்வபயம் எங்கே தெரிந்தது என்பதைத்தான் கவிதை காட்டுகிறது. வியாபாரத்தில் தெரிந்தது, வேலைக்காரிக்குப் படி அளந்ததில் தெரிந்தது, ஏழைக்கு நீண்ட கையில் தெரிந்தது. அவள் வாயில் ஞானமும் நாவில் தயவான போதனையும் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக அவளை யாரும் புகழவில்லை.

ரூத்துக்குக் கிடைத்த பட்டம்

எபிரெய பைபிளில் ‘ஏஷெத் ஹயில்’ என்ற தொடர் வருவது 3 இடங்களில். நீதிமொழிகளிலேயே 12-ம் அதிகாரத்தில் ஒருமுறையும், 31-ம் அதிகாரத்தில் ஒருமுறையும் வருகிறது. மூன்றாவது ரூத்தின் கதையில்.

நிஜமான ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி இந்தப் பட்டத்தால் அழைப்பது அங்கே மட்டும்தான். அப்படி அழைக்கப்படும்போது ரூத் யார்? கணவனை இழந்தவள். பிள்ளை இல்லாதவள். மோவாப் என்ற வெளிதேசத்திலிருந்து வந்தவள். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி, தானும் மாமியார் நகோமியும் சாப்பிட வழி தேடியவள். அவளிடம் வயலும் இல்லை, ரத்தாம்பரமும் இல்லை. மறுமணத்துக்கு வழி கேட்டு அவளே போவாஸிடம் போய் நின்ற அந்த இரவில்தான், நீ குணசாலி என்று ஊரே அறியும் என்கிறார் அவர்.

லெனின்கிராட் சுவடி என்று அழைக்கப்படும் பழைய எபிரெயக் கையெழுத்துப் பிரதியில் நீதிமொழிகளை அடுத்து வருவது ரூத் புத்தகம். அந்த வரிசையில் படிக்கிறவர், ‘இப்படி ஒரு பெண்ணை யார் கண்டுபிடிப்பார்’ என்ற கேள்வியைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டினால், கதிர் பொறுக்கும் அந்த விதவையைத்தான் சந்திப்பார். வசதியான வீட்டுத் தலைவிக்குச் சொன்ன அதே சொல் வெறுங்கையோடு நின்றவளுக்கும் பொருந்துகிறது. கணவன் இல்லாவிட்டாலும் பொருந்துகிறது.

‘கீழ்ப்படிதல்’ எங்கே வருகிறது?

நீதிமொழிகளில் இல்லை என்றால், கல்யாண ஆராதனைகளில் கேட்கும் அந்தக் ‘கீழ்ப்படியுங்கள்’ எங்கிருந்து வந்தது? பவுல் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தின் 5-ம் அதிகாரத்திலிருந்து. மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும், கணவன் மனைவிக்குத் தலையாக இருக்கிறான் என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால், மேலும் கீழும் உள்ள வரிகளையும் படிக்க வேண்டும். முந்தின வசனம், கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில், மனைவிகளைப் பற்றிய வசனத்தில் தனி வினைச்சொல்லே இல்லை. முந்தின வசனத்தின் ‘ஒருவருக்கொருவர்’ என்பதிலிருந்துதான் அது வினையைக் கடன் வாங்கிக்கொள்கிறது. மனைவிக்கு 3 வசனங்களில் பேசிவிட்டு, கணவனுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பேசுகிறார் பவுல். கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்ததுபோல மனைவியை நேசி, உன் சொந்த உடம்பைப் பேணுவது போலப் பேணு என்கிறார். மனைவியை அடக்கு, ஆளு என்று கணவனுக்கு ஒரு கட்டளையும் இல்லை. கிரேக்க, ரோமானியச் சமூகத்தில் வீட்டை ஆளும் உரிமை ஆணுக்கே என்று எழுதிவைத்திருந்த காலத்தில், ஆணைப் பார்த்து ‘நீ உன்னைக் கொடு’ என்று சொன்னது சாதாரணமல்ல. கொரிந்தியருக்கு எழுதியபோது இன்னும் ஒரு படி மேலே போய், மனைவியின் உடல்மீது கணவனுக்கு உள்ள உரிமை, கணவனின் உடல்மீது மனைவிக்கும் உண்டு என்கிறார்.

கணவனுக்குத் தலைமைப் பொறுப்பு கடவுள் வைத்த ஒழுங்கு என்று நம்பும் சபைகளும் உண்டு. இருவரும் சமம், கீழ்ப்படிதலும் இரு பக்கமும்தான் என்று வாசிக்கும் சபைகளும் உண்டு. இந்த வாதம் இப்போதைக்கு ஓயாது. ஆனால், எந்த வாசிப்பிலும் அடிப்பதற்கு அனுமதி கிடையாது.

பேதுருவின் நிருபமும் இப்படித்தான். சாந்தமும் அமைதியுமான ஆவிதான் மனைவிக்கு அழகு, சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்று அழைத்தாள் என்று அதில் வருவதை மேற்கோள் காட்டுவார்கள். சில வரி தள்ளி, மனைவிக்கு மரியாதை கொடுக்காத கணவனுடைய ஜெபம் தடைப்படும் என்று வருவதைக் காட்டுகிறவர்கள் குறைவு. சாராள் விஷயத்திலும் ஆதியாகமம் 21-ம் அதிகாரத்தில், அவள் சொல்வதைக் கேள் என்று ஆபிரகாமுக்குக் கட்டளையிடுவது கடவுளேதான்!

ஏவாளை ஆதாமுக்கு ‘ஏற்ற துணை’ என்று ஆதியாகமம் சொல்வதை, ‘ஒத்தாசைக்கு ஓர் ஆள்’ என்று எளிதாக எடுத்துக்கொள்வதுண்டு. அங்கே உள்ள எபிரெயச் சொல் ‘ஏசெர்’. பழைய ஏற்பாட்டில் அது பெரும்பாலும் கடவுளையே குறிக்கிறது. 121-ம் சங்கீதத்தில் பர்வதங்களைப் பார்த்து ஒருவர் தேடுவதும் அதே ‘ஏசெர்’தான். எடுபிடிக்கு அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை.

சொல்லாமல் போனவளும், ஒத்துப் போனவளும்

கணவன் தவறு செய்யும்போது நல்ல மனைவி என்ன செய்ய வேண்டும்? பைபிளில் இரண்டு மனைவிகளின் கதை இதற்கு எதிரெதிரான பதில்களைத் தருகிறது.

முதல் கதை அபிகாயில். கணவன் நாபால், 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் வைத்திருந்த செல்வந்தன், முரடன். தன் மந்தையைக் காத்துக்கொடுத்த தாவீதின் ஆட்கள் உணவு கேட்டு வந்தபோது அவமானப்படுத்தி அனுப்பிவிட்டான். கோபத்தில் தாவீது 400 பேரோடு வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விஷயம் அபிகாயிலின் காதுக்கு வந்ததும், 200 அப்பங்கள், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த 5 ஆடுகள், வறுத்த பயறு, வற்றல் திராட்சை, 200 அத்திப்பழ அடைகள் என்று கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு வழியிலேயே தாவீதைச் சந்திக்கிறாள். கணவனிடம் சொல்லவில்லை என்று 1 சாமுவேல் 25-ம் அதிகாரம் வெளிப்படையாகவே எழுதுகிறது. தன் கணவன் பெயருக்கு ஏற்ற மூடன் என்று அந்நியர் முன்னால் அவளே சொல்லவும் செய்கிறாள். கணவன் சொல்லைத் தாண்டிய அந்தப் பெண்ணைப் பைபிள் புத்திசாலி என்கிறது. அன்று அவளால் ஒரு வீடு முழுக்க உயிர் தப்பியது.

இரண்டாவது கதை சப்பீராள். அவளும் கணவன் அனனியாவும் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, மொத்தத்தையும் சபைக்குக் கொடுத்துவிட்டதாகப் பொய் சொல்லத் திட்டமிட்டார்கள். கணவன் பொய் அம்பலமாகி இறந்துபோனான். ஏறக்குறைய 3 மணி நேரம் கழித்து, நடந்தது தெரியாமல் சப்பீராள் வருகிறாள். பேதுரு அவளிடம் தனியாகக் கேட்கிறார், இந்த விலைக்குத்தான் விற்றீர்களா என்று. ‘ஆமாம்’ என்கிறாள். கணவன் சொல்லைத் தட்டாத அந்தப் பதில்தான் அவளுக்கும் முடிவாகிறது. கணவன் சொன்னான் என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. அவள் மனசாட்சிக்கு அவள்தான் பொறுப்பு.

கணவன் சொல்வதெல்லாம் சரி என்று இருப்பதுதான் தெய்வபக்தியுள்ள மனைவியின் லட்சணம் என்றால், இந்த இரண்டு கதைகளிலும் பாராட்டும் தண்டனையும் இடம் மாறியிருக்க வேண்டும்.

பாதி வசனம்

அடி வாங்கிக்கொண்டு வரும் மனைவியிடம், ‘கடவுள் விவாகரத்தை வெறுக்கிறார், பொறுத்துப் போம்மா’ என்று சொல்லி அனுப்புவது இன்றும் நடக்கிறது. மல்கியா புத்தகத்தின் 2-ம் அதிகாரம் 16-ம் வசனத்தைத்தான் சொல்வார்கள். அதே வசனத்தின் அடுத்த பாதி, கொடுமையை ஆடையாகப் போர்த்திக்கொள்கிறவனைக் கண்டிக்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்கிற கணவன்மேல்தான் கடவுளின் கோபம் என்பது தெளிவாக இருக்கிறது. கணவர்களைக் கண்டிக்க எழுதியதை மனைவிகளை வாயடைக்கப் பயன்படுத்துவது எந்த ஊர் நியாயம்?

சட்டமும் நெடுநாள் இதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. 1869-ல் வெள்ளையர் கொண்டுவந்த விவாகரத்துச் சட்டப்படி, இந்தியக் கிறிஸ்தவக் கணவன் மனைவியின் தகாத உறவு ஒன்றை மட்டும் காட்டி விவாகரத்து கேட்கலாம். மனைவி கேட்டாலோ, தகாத உறவோடு கொடுமையோ, கைவிட்டுப் போனதோ இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். கொடுமை மட்டும் போதாது! 2001-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் இருவருக்கும் ஒரே காரணங்கள் என்று ஆனது. பரஸ்பர சம்மதத்தோடு பிரியவும் வழி வந்தது.

2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. அடி உதை மட்டுமல்ல, வார்த்தையால் வதைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டை விட்டுத் துரத்துவது எல்லாமே அதில் வரும். விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு உத்தரவு மட்டும் கேட்கலாம். 181 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். சபையில் ஆலோசனை கேட்பதற்கும் இந்த எண்ணை அழைப்பதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

சொத்து விஷயத்திலும் ‘வயலை வாங்கிய மனைவி’க்கு நீதி கிடைக்கத் தாமதமானது. திருவிதாங்கூரின் 1916-ம் ஆண்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் சிரியன் கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் என்ற கேரளப் பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் அதை உடைத்தார்.

ஞானாம்பாள் என்ற மனைவி

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே பலசாலியான மனைவியைக் கற்பனை செய்து பார்த்தவர் இல்லாமல் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர். பெண்கல்விக்காக 19-ம் நூற்றாண்டிலேயே வாதாடியவர். 1879-ல் அவர் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். பெயர் பிரதாபனுடையது என்றாலும் கதையைத் தூக்கி நிறுத்துகிறவள் அவன் மனைவி ஞானாம்பாள். அறிவில் கணவனைவிட ஒரு படி மேல். சிக்கலில் மாட்டுகிறவன் அவன், வழி கண்டுபிடிக்கிறவள் அவள். ஒரு கட்டத்தில் ஆண் வேடத்தில் ஒரு நாட்டுக்கே ராஜாவாகி நியாயம் வழங்குகிறாள்.

அவளைக் கிறிஸ்தவப் பெண்ணாக ஆசிரியர் படைக்கவில்லை. கதை இந்துக் குடும்பத்துக் கதை. ஆனால் நீதிமொழிகளின் அந்தப் பெண்ணை அறிந்தவர்களுக்கு ஞானாம்பாள் அந்நியமாகத் தோன்ற மாட்டாள்.

நீதிமொழிகளின் கவிதை முடிவது ஊர் வாசலில். அந்தக் காலத்தில் பட்டணத்து வாசல்தான் பஞ்சாயத்தும் கோர்ட்டும். ரூத்தை மணக்கும் முன் போவாஸ் 10 மூப்பர்களைக் கூட்டி வழக்கைத் தீர்த்தது அங்கேதான். கவிதையின் நடுவில் அந்த வாசலில் கணவன் உட்கார்ந்திருக்கிறான். கடைசி வசனத்தில் அதே வாசலில் அவளுடைய செய்கைகளே அவளைப் புகழ வேண்டும் என்று வருகிறது. அதற்கு முன்னால் இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது, அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்று. புகழ்ச்சி மட்டும் போதாது, கூலியும் பங்கும் அவள் கைக்கு வர வேண்டும் என்று அந்தப் பழைய கவிஞர் எண்ணியிருக்கிறார்.

யூதர்களின் வீடுகளில் இன்றும் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கும்போது இந்தக் கவிதையைப் பாடும் வழக்கம் உண்டு. சில நூற்றாண்டுகளாக இருக்கும் பழக்கம். மேஜையில் ரொட்டி மூடிவைத்திருக்கும், மெழுகுவர்த்திகள் எரியும். பிள்ளைகளும் சேர்ந்து பாட, கணவன் மனைவியின் முன்னால் நின்று 22 வசனங்களையும் அகர வரிசையில் பாடி முடிப்பார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.